குடியை நிறுத்துவதற்கும் ஒரு டொக்டரா?



காய்ச்சல், சளி என்றால் டிஸ்பென்சரிக்குப் போகிறோம். பல்லுக்கு ஒரு டொக்டர், கண்ணுக்கு ஒரு டொக்டர், பிரசவத்துக்கு ஒரு டொக்டர் என்று நமக்குத் தெரியும். குடிக்கும் ஒரு டொக்டர் இருக்கிறார் என்று சொன்னால் மட்டும் சிரிக்கிறார்கள். போன மாதம் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் தாய்மாரோடு பேசிக்கொண்டிருக்கும்போது நாங்கள் இதைச் சொன்னோம். "குடிச்சது அவரு, அதுக்கு நாம பஸ் காசு குடுத்து டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணுமா? ரெண்டு அறை விட்டா சரியாப் போயிடும்" என்றார் ஒரு அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் மூன்று பேருடைய வீட்டில் இரவில் என்ன நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் இந்த மாதப் பாடத்துக்கு இதையே எடுத்துக்கொண்டோம்.

இரத்மலானையிலிருந்து வந்த தம்பி

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர். பெயர் வேண்டாம். இதை எழுதச் சொன்னவரே அவர்தான், ஆனாலும் அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இளம் வயதிலேயே கொழும்புக்குப் போய், இரத்மலானையில் ஒரு ஸ்டோரில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்தவர். கோட்டை ஸ்டேஷனில் கரையோர ரயில் ஏறி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை எல்லாம் தாண்டினால் இரத்மலானை. விமான நிலையம், ரயில்வே வேலைத்தளம், ஃபக்டரிகள் என்று எந்த நேரமும் இரைச்சலாக இருக்கும். வெள்ளவத்தைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனைப் பக்கமும் நம் பிள்ளைகள் வேலைக்கு நிற்பது போல அங்கேயும் நிற்கிறார்கள். ஒரு அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கை. உடம்பு வலிக்கு என்று ஆரம்பித்த கால் போத்தல், ஆறு வருடத்தில் தினமும் அரைப் போத்தலாகிவிட்டது. கடைசியில் காலையில் கை நடுங்காமல் பல் விளக்க வேண்டுமென்றாலும் ஒரு மடக்கு வேண்டியிருந்தது.

அம்மன் கோயில் திருவிழாவுக்கு லீவு போட்டு ஊருக்கு வந்தார். அம்மா அழுதார்கள். "இனி தொடமாட்டேன்" என்று கோயிலில் சத்தியம் பண்ணிக் காப்பும் கட்டிக்கொண்டார். வியாழன் இரவு குடித்ததுதான் கடைசி. வெள்ளிக்கிழமை காலை கை நடுக்கம், வியர்வை, வாந்தி. "விட்டதுதான், பழகிடும்" என்றார்கள். அன்று நாங்களும் அந்த லயத்துக்குப் போயிருந்தோம். பார்த்துவிட்டு, "நல்ல காரியம் தம்பி, மனசைத் தளர விடாதீங்க, தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டு வந்தோம். இத்தனை வருடம் நலன்புரி வேலை பார்த்த எங்களுக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. இதை இங்கே மறைக்காமல் எழுதுகிறோம்.

சனிக்கிழமை இரவு அவர் சுவரைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். எறும்பு ஏறுது, எலி ஓடுது என்று போர்வையை உதறினார். பெற்ற தாயை யாரென்று தெரியவில்லை. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. "காப்புக் கட்டின உடம்பு, கொழும்பில எதையோ மிதிச்சிட்டு வந்திருக்கான்" என்று பேச்சாகி, கோடாங்கியைக் கூப்பிட்டு, கையைக் காலைக் கட்டி வேப்பிலை அடித்தார்கள். இப்படி ரெண்டு மணித்தியாலம் போனது. அதற்குள் வலிப்பு வந்துவிட்டது. யாரோ ஓடிப்போய்த் தோட்ட வைத்திய உதவியாளரை எழுப்ப, அவர் வந்து பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப குடிச்சாரு?" என்பதுதான். தோட்ட லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். தம்பி பிழைத்தார். ஐந்து நாள் ஆனது சுயநினைவு முழுசாகத் திரும்ப.

அது பேய் அல்ல. குடி நின்றதனால் வந்த வியாதி.

உடம்புக்குள் நடப்பது என்ன?

சாராயம் மூளையை மந்தமாக்கும் பொருள். தினமும் அது உள்ளே போகும்போது மூளை சும்மா இருப்பதில்லை. மந்தத்தைச் சமாளிக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். மேட்டில் பாரம் ஏற்றிப் போகும் லொறி எஞ்சினை உறுமவிட்டுப் போகிறது அல்லவா, அதுபோல. திடீரென்று பாரத்தை இறக்கிவிட்டால் என்ன ஆகும்? லொறி பாய்ந்துவிடும். பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தும்போது மூளையும் நரம்பும் அப்படித்தான் பாய்கின்றன.

இதற்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. கடைசியாகக் குடித்து 6 மணித்தியாலம் தொடக்கம் ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு வரும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும், தம்பிக்கு வந்தது போல அதன் கடைசி மணித்தியாலங்களிலும் வரலாம். மிக ஆபத்தான கட்டம் 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில். அப்போதுதான் இல்லாததைக் காண்பதும், ஆளைத் தெரியாமல் போவதும், காய்ச்சலும். மருந்து இல்லாத பழைய காலத்தில் இந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. அந்த வித்தியாசத்தைத்தான் நாங்கள் "குடிக்கு டொக்டர் எதற்கு" என்று கேட்கிறவர்களுக்குப் பதிலாகச் சொல்கிறோம்.

எல்லோருக்கும் இப்படி வரும் என்று பயப்பட வேண்டாம். சம்பளத்தன்றும் தீபாவளிக்கும் மட்டும் குடிப்பவர் தாராளமாக இன்றே நிறுத்தலாம், ஒன்றும் ஆகாது. காலையில் எழுந்தவுடன் குடிக்க வேண்டியிருக்கிறவர், போயா நாளில் தவறணை மூடியிருந்தால் மத்தியானத்துக்குள் கை நடுங்குகிறவர், முன்பு எப்போதாவது குடி நின்றபோது வலிப்பு வந்தவர் ஆகியோர்தான் வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. நிறுத்துகிற அன்றே டொக்டரிடம் போக வேண்டும். வலிப்பு வந்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி, கையில் இரும்பு எதுவும் வேண்டாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கிடையாது. மேல் மலை டிவிஷனுக்கு வர நேரமாகும் என்றால் தோட்ட வாகனத்தைக் கேளுங்கள். ராத்திரி என்று யோசிக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் என்ன கொடுக்கிறார்கள்? டயஸிபாம், குளோர்டயஸெப்பொக்சைட் போன்ற மருந்துகள். பாய்கிற லொறிக்கு மெதுவாகப் பிரேக் போடுகிற வேலை. முதல் நாள் கூடுதலாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு கிழமை பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். இந்தக் குளிசையை வீட்டில் கொண்டுவந்து சொந்த இஷ்டத்துக்குப் போடக்கூடாது. அதோடு சாராயமும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம், தனியாகப் போட்டாலும் பழக்கமாகிவிடும்.

இன்னொன்று தயமின் என்கிற வைட்டமின் ஊசி. இதைப் பெரிய விஷயமாக யாரும் எண்ணுவதில்லை. குடிக்கிறவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் வயிறு அந்தச் சத்தை எடுப்பதில்லை. தயமின் இல்லாமல் போனால் கண் பார்வை ஆடும், நடை தள்ளாடும், பிறகு ஞாபகமே அழிந்துபோகும். குடிக்காத நேரத்திலும் தள்ளாடுகிறார் என்றால் அதைக் கேலி பண்ணாமல் டொக்டரிடம் காட்டுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதாக இருந்தால் அதற்கு முன்பு, அல்லது அதனோடு சேர்த்து, தயமின் கொடுப்பார்கள். அதனால் "இவர் குடிக்கிறவர்" என்பதை ஆஸ்பத்திரியில் மறைக்காதீர்கள். வெட்கப்பட்டு, "காய்ச்சல்தான் டொக்டர்" என்று சொல்லி, ஆளைச் சாகக் கொடுக்க வேண்டாம்.

அரைப் போத்தல் கணக்கு

கணக்கப்பிள்ளையிடம் கொழுந்து நிறுவையில் அரைக் கிலோ குறைந்தாலும் சண்டை பிடிக்கிற நாம் போத்தலின் கணக்கைப் பார்ப்பதில்லை. 180 மில்லி கால் போத்தல் சாராயத்தில் சுத்தமான அற்ககோல் ஏறக்குறைய 48 கிராம் இருக்கிறது. ஈரல் ஒரு மணித்தியாலத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் எரித்து முடிக்கும். அப்படியானால் கால் போத்தலுக்கே ஐந்து ஆறு மணித்தியாலம். அரைப் போத்தலுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல். இரவு பத்து மணி வரை இருந்து அரைப் போத்தலை முடித்தவர், காலைப் பெரட்டுக்கு நிற்கும்போது அவர் இரத்தத்தில் இன்னும் சாராயம் ஓடுகிறது. அதே கையில் கவ்வாத்துக் கத்தி. ஃபக்டரியில் என்றால் ரோலர் பக்கத்தில் வேலை. எலுமிச்சம் பழம் பிழிந்து குடித்தாலும், குளிர்ந்த தண்ணியில் முழுகினாலும் ஈரலின் வேகம் கூடாது.

"நான் பியர் மட்டும்தான்" என்று சொல்கிற இளவட்டங்களுக்கும் ஒன்று. ஸ்ட்ரோங் பியர் பெரிய போத்தல் 625 மில்லி, அதில் 8.8 வீதம் அற்ககோல். கணக்குப் போட்டால் 43 கிராம். கால் போத்தல் சாராயத்துக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை. கசிப்புக்கு நாங்கள் கணக்குச் சொல்ல முடியாது. அதில் எதைப் போட்டுக் காய்ச்சினார்கள் என்பது காய்ச்சினவருக்குத்தான் வெளிச்சம்.

டொக்டர் கேட்ட கேள்விகள்

தம்பி தேறிய பிறகு கொழும்பில் இந்த வியாதிக்கென்றே பார்க்கிற ஒரு டொக்டரிடம் எழுதிக் கொடுத்தார்கள். நாங்களும் கூடப் போனோம். சிங்களத்தில் கேட்டால் தம்பிக்குப் பதில் சொல்ல வரும், ஆனால் மனதில் உள்ளதைச் சொல்ல வராது. அதற்குத்தான் நாங்கள். டொக்டர் திட்டுவார், புத்தி சொல்வார் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தார் தம்பி. டொக்டர் திட்டவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட கேள்விதான் கேட்டார்.

எவ்வளவு, எத்தனை மணிக்கு, யாரோடு, எந்தக் கடையில், கையில் காசு இல்லாத அன்று என்ன செய்வீர்கள், குடிக்காமல் அதிக நாள் இருந்தது எப்போது, அந்த நாட்களில் என்ன வித்தியாசமாக இருந்தது? கடைசிக் கேள்வியை எங்களில் யாரும் அவரிடம் கேட்டதே இல்லை. எத்தனை தடவை விழுந்தார் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தோம். உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளும் உண்டு. மொத்தம் 40 புள்ளி. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். அதைவிடச் சின்னதாக நாலே கேள்விகள் உள்ள ஒரு முறையும் இருக்கிறது. குடியைக் குறைக்க வேண்டும் என்று நினைத்தது உண்டா? உங்கள் குடியைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது எரிச்சல் வந்ததுண்டா? குடித்ததற்காக உள்ளுக்குள் கூசியதுண்டா? காலையில் எழுந்தவுடன் நிதானத்துக்காகக் குடித்ததுண்டா? இரண்டுக்கு "ஆமாம்" வந்தால் டிஸ்பென்சரியில் ஒரு தடவை பேசிப் பாருங்கள். கேள்விகள் ஆம்பளைகளுக்கு மட்டுமல்ல. கொழுந்து மலையிலிருந்து நனைந்து வந்து குளிருக்கு என்று ஒரு மடக்கு குடிக்கிற பெண்களும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்கள் ஒளிந்து குடிப்பதால் வைத்தியமும் பிந்துகிறது.

பிறகு இரத்தப் பரிசோதனை, ஈரல் பரிசோதனை. மனச்சோர்வு இருக்கிறதா, வேறு மாத்திரை, தூள் பழக்கம் உண்டா என்றும் பார்த்தார். மருந்து இரண்டாவது விஷயமாகத்தான் வந்தது. குடி ஆசையைக் குறைக்கும் நல்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட் என்று மருந்துகள் உண்டு. எல்லோருக்கும் பொருந்தாது, ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

சோற்றில் கலக்காதீர்கள்!

மருந்து என்றவுடன் தோட்டத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். "குடிச்சா வாந்தி வர்ற குளிசை இருக்காமே ஐயா?" இருக்கிறது. டைசல்பிராம் என்று பெயர். டென்மார்க் நாட்டில் கோப்பன்ஹேகன் நகரில் எரிக் யாக்கொப்சன், யென்ஸ் ஹால்ட் என்ற இருவர் வேறொரு வியாதிக்கு அந்த மருந்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். தாங்களே குளிசையைப் போட்டுக்கொண்டு பார்ட்டியில் கொஞ்சம் குடித்தபோது உடம்பு படாதபாடு பட்டது. அப்படித்தான் 1948இல் அது குடி வைத்தியத்துக்கு வந்தது. சாராயம் உடம்பில் எரியும்போது நடுவில் ஒரு விஷப்பொருள் உண்டாகும். சாதாரணமாக அது உடனே அழிந்துவிடும். இந்தக் குளிசை அதை அழிய விடாது. முகம் சிவந்து, தலை வெடித்து, வாந்தி வந்து, நெஞ்சு அடித்து, பிரஷர் இறங்கிவிடும். இருதய வியாதி உள்ளவருக்கு உயிரே போகலாம். குளிசையை நிறுத்தி இரண்டு கிழமை வரைக்கும் இந்த ஆபத்து இருக்கும்.

ஒரு லயத்தில் ஒரு மனைவி யாரிடமோ வாங்கி, புருஷனுக்குத் தெரியாமல் கறியில் கலந்து வந்தார். அன்பினால் செய்தார், அதில் சந்தேகமில்லை. சம்பளத்தன்று அவர் தவறணை வாசலிலேயே நீலம் பூத்து விழுந்தார். பிழைத்து வந்த பிறகு மனைவி கையால் ஒரு பிடி சோறு சாப்பிட மாட்டேன் என்றுவிட்டார். குடியும் நிற்கவில்லை. குடிப்பவருக்குத் தெரிந்து, சம்மதித்து, டொக்டர் பார்த்துக் கொடுத்தால் மட்டுமே அந்தக் குளிசை. சம்மதித்த பிறகு தினமும் மனைவி கண் முன்னாலேயே விழுங்குவது நல்லது என்று டொக்டர் சொன்னார். பத்திரிகை விளம்பரத்தில் வருகிற "தெரியாமல் கொடுக்கும்" தூள்களையும் இதோடு சேர்த்துத் தள்ளிவிடுங்கள்.

டொக்டரே குடிகாரராக இருந்த கதை

இந்த வைத்தியம் எப்படி வந்தது என்பதும் சுவையான கதை. அமெரிக்காவில் 1930களில் நியூயோர்க்கில் வில்லியம் சில்க்வொர்த் என்ற டொக்டர் குடிகாரர்களுக்கே வைத்தியம் பார்த்து வந்தார். ஒழுக்கக்கேடு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நாளில், இது வியாதி என்று சொன்னவர் அவர். அவரிடம் வந்த பில் என்ற பங்கு வியாபாரி 1934 கடைசியில் குடியை விட்டார். அடுத்த வருடம் வியாபார விஷயமாக ஒஹாயோ மாநிலத்தில் அக்ரன் என்ற ஊருக்குப் போன இடத்தில் மறுபடியும் ஆசை வந்துவிட்டது. பாருக்குள் போகாமல், இன்னொரு குடிகாரரைத் தேடிப் பேசப் போனார். அப்படிச் சந்தித்தவர் பொப் என்ற டொக்டர். ஒப்பரேஷன் செய்கிற சர்ஜன், பல வருடக் குடிகாரர். 1935 ஜூன் 10ஆம் திகதி அவர் கடைசியாகக் குடித்தார். 1950இல் சாகும்வரை தொடவில்லை. அந்த இருவரின் பேச்சிலிருந்துதான் "அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்" என்ற இயக்கம் பிறந்தது. பெயர் சொல்லாமல் உட்கார்ந்து, குடியை விட்டவரும் விட நினைப்பவரும் பேசிக்கொள்ளும் கூட்டம். கட்டணம் கிடையாது. கொழும்பிலும் இருக்கிறது. அமெரிக்க வைத்தியச் சங்கம் இதை வியாதி என்று ஏற்றுக்கொண்டது 1956இல். போதை வைத்தியத்தைத் தனிச் சிறப்புப் பிரிவாக அங்கே அங்கீகரித்ததோ அண்மையில், 2016இல்தான். ஆகவே நமக்குத் தெரியாததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நமக்குக் கிட்டத்திலும் ஒரு கதை இருக்கிறது. சென்னையில் டி.டி.கே. என்ற பெரிய தொழிலதிபர் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை ரங்கநாதன் குடியினால் 1979இல் இளவயதிலேயே இறந்துபோனார். பணத்துக்குக் குறைவில்லை, வைத்தியம்தான் இல்லை. அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் மூலையில் உட்காரவில்லை. வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்து 1980இல் கணவர் பெயரில் ஒரு நிலையம் ஆரம்பித்தார். அதுதான் பிறகு டி.டி.கே. ஆஸ்பத்திரி. 1992இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. எங்களுக்குப் பிடித்தது அந்தப் பட்டமல்ல. 1989இலிருந்து தஞ்சைப் பக்கம் மஞ்சக்குடி என்ற கிராமத்தில் அவர்கள் நடத்திய முகாம்தான். டொக்டரும் நர்ஸும் ஆலோசகரும் ஊருக்கே வந்து, பதினைந்து நாள் தங்க வைத்து, நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து, பிறகு தினமும் பேசி, மனைவிமாரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் ஆளைப் பொறுப்பெடுத்தார்கள். வயல் கூலிக்காரர் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் படுத்தால் வீட்டில் அடுப்பெரியாது என்பதைப் புரிந்த வேலை அது. நம் தோட்டத்து மண்டபத்திலும் இப்படி ஒன்று ஏன் நடக்கக்கூடாது என்று நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

வெறியில அடிச்சேன்

நம் நாட்டு டொக்டர் ஒருவரையும் சொல்ல வேண்டும். பேராசிரியர் தியனாத் சமரசிங்க, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உளவைத்தியப் பேராசிரியராக இருந்தவர். குடியைக் குறைக்க ஊருக்கு ஊர் என்ன செய்யலாம் என்று எழுதியவர். நோர்வே நாட்டுப் பேர்கிலியொட் பக்லியனோடு சேர்ந்து இலங்கையில் குடியும் வறுமையும் என்று ஒரு ஆய்வு செய்தார். தங்கள் வருமானத்தைவிடக் கூடுதலாகக் குடிக்குச் செலவழிக்கும் ஆண்கள் இருப்பதை அதில் கண்டார்கள். அது எப்படி முடியும்? மனைவியின் சம்பளம், கடைக் கடன், அடகுக் கடை நகை. இந்தப் பாதையை நமக்கு ஆய்வு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவர் சொன்னதில் எங்கள் மனதில் தைத்தது வேறு. குடித்தவருக்கு ஊர் ஒரு சலுகை கொடுத்து வைத்திருக்கிறது. நிதானத்தில் சொல்ல முடியாததைச் சொல்லலாம், செய்ய முடியாததைச் செய்யலாம், காலையில் "வெறியில அடிச்சேன்" என்றால் போதும். அதனால் சிலர் செய்ய நினைத்ததைச் செய்வதற்காகவே குடிக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். வெறியில் துரையை அடித்தவர் எத்தனை பேர்? பொலிஸ்காரரை? பெண்டாட்டியை மட்டும் எப்படி அந்த வெறிக்கு அடையாளம் தெரிகிறது? குடி வியாதி, வைத்தியம் வேண்டும். அடிப்பது வியாதியல்ல. 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் குடிக்கு மன்னிப்பு எழுதவில்லை. பெண்கள் 1938க்கு அழைத்துப் பேசலாம்.

தீபாவளிக்கு விழுந்தார்

தம்பி நாலு மாதம் தொடாமல் இருந்தார். தீபாவளி முற்பணம் கையில் வந்தது, கொழும்புச் சிநேகிதர்கள் இரண்டு பேர் வந்தார்கள், விழுந்துவிட்டார். மூன்று நாள். அம்மா ஓடிவந்து, "எல்லாம் வீண்" என்று எங்கள் முன்னால் தலையில் அடித்துக்கொண்டார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். டொக்டருக்குப் போன் எடுத்தால் அவர் கேட்டது, "நடுக்கம் இருக்கா? உடனே கூட்டிட்டு வாங்க" என்பதுதான். சீனி வியாதிக்காரர் ஒரு நாள் லட்டு சாப்பிட்டால் கிளினிக் கொப்பியைக் கிழித்துப் போடுகிறோமா? பிரஷர் மறுபடி ஏறினால் டொக்டரைக் குறை சொல்கிறோமா? மருந்தை மாற்றிப் பார்க்கிறோம். இதுவும் அந்த ஜாதி வியாதிதான் என்று விளக்கினார். விழுந்த நாளை வைத்தே பாடம் படித்தார்கள். கையில் மொத்தமாகக் காசு, அந்த இரண்டு சிநேகிதர்கள், தவறணை இருக்கும் கீழ் ரோடு. இந்த மூன்றுக்கும் மூன்று வழி செய்தார்கள். சம்பளத்தை அம்மாவோடு சேர்ந்து போய் எடுப்பது, இரத்மலானைக்குத் திரும்பாமல் தோட்டத்திலேயே பேர் பதிந்துகொள்வது, சம்பளத்தன்று மேல் ரோட்டால் வருவது. மேல் ரோடு அரை மணித்தியாலம் கூட. அதில் அட்டைக்கடி வேறு. இப்போது மூன்று வருடமாக அவர் அதில்தான் வருகிறார். ஒரு சம்பளத்தன்று அவரோடு கூட நடந்தோம். கீழே தவறணையில் பாட்டுச் சத்தம் கேட்டது. "ஆசை போச்சா தம்பி?" என்று கேட்டோம். "போகல ஐயா, சத்தம் சின்னதாயிருச்சு" என்றார்.

எங்கே போவது?

முதலில் உங்கள் தோட்ட வைத்திய உதவியாளரிடம், அல்லது எங்களிடம் வாருங்கள். அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் உளவைத்தியக் கிளினிக் உண்டு, அங்கே குடிக்கும் வைத்தியம் பார்க்கிறார்கள், காசு இல்லை. "பைத்தியக் கிளினிக்" என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனைத் தொலைபேசி 1927. தூள், ஐஸ் பழக்கத்தில் விழுந்த பிள்ளைகளுக்கும் அங்கேதான் கேட்க வேண்டும். மனநல உதவிக்கு 1926. கொழும்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்ரயோ நடத்தும் மெல் மெதுர இருக்கிறது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனையில் நிற்பவர்கள் ஒரே பஸ்ஸில் அல்லது ஒரு மாறலில் போய்விடலாம், இரத்மலானையிலிருந்தும் தூரமில்லை. மகனோ தம்பியோ அங்கே இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கடிதத்தோடு அனுப்புங்கள்.

போகும்போது அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி, இப்போது போடுகிற குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடைசியாகக் குடித்த நாளையும் நேரத்தையும் ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். கூட ஒருவர் போக வேண்டும், சிங்களம் தெரிந்தவர் என்றால் நல்லது. ஆள் கிடைக்காவிட்டால் இரண்டு நாள் முந்தி எங்களுக்குச் சொல்லுங்கள். வேலை நாளாக இருந்தால் பேர் விழாமல் இருக்க துண்டு வாங்கித் தருவதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.